ஐபேட் வரலாறு: ஆப் ஓடுது, பிரவுசர் என்னாச்சு?

பழைய ஐபேடை வீட்டுப் பெரியவங்க கையில குடுத்துட்டு, "அதான் எல்லா ஆப்பும் தொறக்குதே, அப்புறம் என்ன?"ன்னு கேக்குறவங்க நம்மள்ல நிறைய பேர். ஆனா மக்களே, ஆப் திறக்குறது வேற, பிரவுசர் பாதுகாப்பா இருக்கிறது வேற. ரெண்டும் எங்க பிரிஞ்சுதுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

2007ல் ஐபோன் வந்தப்போ வெளியாட்கள் ஆப் எழுத வழியே கிடையாது. சஃபாரிக்குள்ள ஓடுற மாதிரி எழுதிக்கோங்கன்னுட்டார் ஸ்டீவ் ஜாப்ஸ். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் வந்ததும் கதை மாறிடுச்சு. 2010 ஏப்ரலில் ஐபேட் கடைக்கு வந்தப்போ ஆப்தான் ஹீரோ. ஒவ்வொரு ஆப்பையும் ஆப்பிள் பார்த்துத்தான் உள்ளே விடும். உள்ளே வந்தாலும் அதது தன்னோட அறைக்குள்ளதான் இருக்கணும்.

ஆனா பிரவுசர்னு ஒரு வாசல் இருக்கே! ஊர்ல யார் எழுதின பக்கத்தையும் அது திறந்தாகணும், அங்க வாட்ச்மேன் கிடையாது. 2010 ஆகஸ்ட்ல ஜெயில்பிரேக்மீங்கிற தளத்தோட புதுப் பதிப்பு வந்துச்சு. சஃபாரியில் அங்க போய் ஒரு இழுப்பு இழுத்தா போதும், ஐபேடோட பூட்டு கழண்டுடும். பிடிஎஃப்ல இருக்கிற எழுத்துருவைப் படிக்கிற நிரல்ல ஓட்டை! அதே மாசம் 3.2.2 பதிப்பை விட்டு ஆப்பிள் அடைச்சது.

மேட்டர் என்னன்னா, சஃபாரியோட எஞ்சினான வெப்கிட் இயங்குதளத்தோட ஒட்டிப் பிறந்தது. 2012ல் குரோம் வந்தது, 2015ல் ஃபயர்பாக்ஸ் வந்தது. ஆனா ஆப்பிள் விதிப்படி உள்ளே ஓடினது அதே வெப்கிட்தான். சட்டை வேற, ஆள் ஒண்ணு. 2024ல் தளர்ந்ததும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும்தான்.

அதனால இயங்குதளத்துக்கு அப்டேட் நின்னா, எந்த பிரவுசர் போட்டாலும் ஓட்டை அப்படியே இருக்கும். முதல் ஐபேடுக்கு 2012 மே மாசம் வந்த 5.1.1தான் கடைசி. 2013ல், பழைய கருவிக்குப் பொருந்துற கடைசி ஆப் பதிப்பை இறக்கிக்க ஆப்பிள் வழி செஞ்சது. நல்ல காரியம்தான். ஆனா ஆப் ஓடுறதைப் பார்த்து எல்லாம் நல்லாயிருக்குன்னு நம்ம மனசு நம்பிடுது.

ஆண்ட்ராய்டு வேற ரூட். 2014ல் வந்த 5.0 பதிப்புல, ஆப்புக்குள்ள வலைப்பக்கம் காட்டுற வெப்வியூவைத் தனியா பிரிச்சு பிளே ஸ்டோர் வழியா அப்டேட் பண்ண ஆரம்பிச்சாங்க. 2016ல் வந்த ஆண்ட்ராய்டு 7க்கு 2023 வரைக்கும் புது குரோம் கிடைச்சது. ஆனா அடியில இருக்கிற இயங்குதளத்தைத் தயாரிச்ச கம்பெனி கைவிட்டிருந்தா, மேல மட்டும் பெயிண்ட் அடிச்ச கதைதான்.

ஸோ, பழைய டேப்லெட்டை எடைபோடும்போது முதல்ல பார்க்க வேண்டியது கடைசி பாதுகாப்பு அப்டேட் எப்போ வந்ததுங்கிறதை. ஆப் லிஸ்ட் அதுக்கப்புறம்தான். அப்டேட் நின்னுபோச்சா? ஏற்கனவே இறக்கி வெச்ச பாட்டு, படம், புத்தகத்துக்கு வெச்சுக்கோங்க. அப்பாவோட நெட் பேங்கிங் மட்டும் அதுல வேணாம்.