மணிக்குப் பத்து ரூபாய்

திருநெல்வேலி டவுணில் தேருக்கு வரலாறு உண்டு, அல்வாவுக்கு உண்டு, ஜவுளிக் கடைகளுக்கும் உண்டு. ரத வீதிகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் தொண்ணூறுகளில் முளைத்து, 2010க்குள் தடம் இல்லாமல் போன ஒரு தொழிலைப் பற்றி மட்டும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அது வீடியோ கேம் கடை. வாகையடி முக்குப் பக்கம் டிவி மெக்கானிக்காக இருந்தவன் நான். அந்தக் கடைப் பெட்டிகள் பழுதானால் என் மேசைக்குத்தான் வரும். அவற்றைத் திறந்து பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கடை என்பது ஒரு வீட்டின் முன்னறை. இரண்டு மூன்று பழைய கலர் டிவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேம் பெட்டி, தரையில் பாய். அரை மணிக்கு ஐந்து ரூபாய், மணிக்குப் பத்து. சுவர்க் கடிகாரம்தான் நீதிபதி. "அண்ணாச்சி, இந்த ஸ்டேஜ் மட்டும் முடிச்சிக்கிடுதேன்" என்ற கெஞ்சல் எந்த நேரமும் கேட்கும். சாயங்காலம் ஆனால் வாசலில் ஏதாவது ஓர் அம்மா நிற்பார்: "ஏல, பள்ளிக்கூடம் விட்டு எம்புட்டு நேரமாச்சு, இங்கயால உக்காந்திருக்க?"

அந்தப் பெட்டி, ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். கொஞ்சம் வசதியான வீடுகளில் மீடியா கம்பெனியின் சாமுராய் இருந்தது. கடைகளுக்கு வந்ததோ பெரும்பாலும் பெயர் தெரியாத பர்மா பஜார் சரக்கு. மூடியைக் கழற்றினால் பலகையின் நடுவே கறுப்பாக ஒரு பிசின் குமிழ் இருக்கும். சிப்பை அதற்குள் புதைத்து மூடியிருப்பார்கள். அது போனால் பெட்டியே போனது. மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியவைதான். கேசட் செருகும் 60 கால் கனெக்டரில் அழுக்கு ஏறினால் ரப்பரால் தேய்ப்போம். ரிமோட் பட்டனுக்கு அடியில் உள்ள கார்பன் தேய்ந்தால் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளை வெட்டி ஒட்டுவோம். வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி பிக்சர் டியூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் கடைக்காரர்கள் பழைய டிவியைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

கேசட்டின் மேல் 99,99,999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது விரல் விட்டு எண்ணக் கூடிய ஆட்டங்கள்தான். கான்ட்ரா என்ற ஒரே ஆட்டத்தை வேறு வேறு ஸ்டேஜில் தொடங்கும்படி திருத்தி, வேறு வேறு எண் கொடுத்திருப்பார்கள். இந்தக் கேசட்டின் முதல் திரையை நான் மறக்கவே முடியாது. கடற்கரை, தென்னை, பறக்கும் கடற்பறவைகள், கீழே ஆட்டங்களின் பட்டியல், பின்னணியில் பழைய ஆங்கிலக் காதல் பாட்டு ஒன்றின் மெட்டு. விற்பனைக்கு அந்தப் படமும் பாட்டும் தேவையே இல்லை. பட்டியல் ஒன்றே போதும். ஆனாலும் எங்கோ பெயர் தெரியாத ஒருவர், 2 கிலோபைட் நினைவகம் கொண்ட இயந்திரத்தில், தன் வேலை இது என்று காட்டுவதற்காகவே அதை எழுதியிருக்கிறார். திருட்டுச் சரக்கின் நெற்றியில் ஒரு கலைஞனின் கையெழுத்து இருந்தது.

ஐரோப்பாவில் இதே மாதிரியான கையெழுத்திலிருந்துதான் ஒரு பெரிய பண்பாடு வளர்ந்தது. எண்பதுகளில் காமடோர் 64 கணினியில் ஆட்டங்களின் பூட்டை உடைத்து நகலெடுத்த பையன்கள், ஆட்டம் தொடங்குமுன் தங்கள் குழுவின் பெயர் ஓடுகிற சிறிய அசைபடத்தை ஒட்டினார்கள். நாளடைவில் ஆட்டத்தை விட்டுவிட்டார்கள், அசைபடம் மட்டும் நின்றது. அதற்கு டெமோ என்று பெயர், அந்த உலகத்துக்கு டெமோசீன். பின்லாந்தில் 1992இல் தொடங்கிய அசெம்பிளி, ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் ரிவிஷன் போன்ற கூடல்களுக்கு ஆளுக்கொரு கணினியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கேயே தூங்கி, அங்கேயே எழுதி முடித்து, பெரிய திரையில் ஓடவிடுவார்கள். கூட்டம்தான் வாக்களித்துப் பரிசு கொடுக்கும். மொத்த நிரலும் 64 கிலோபைட்டுக்குள், சில பிரிவுகளில் 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். 2009இல் வந்த எலிவேட்டட் என்ற டெமோ, பனிமலைத் தொடர் முழுவதையும் இசையோடு சேர்த்து 4 கிலோபைட்டில் காட்டியது. இன்றைக்கு நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைப்போல் பல நூறு மடங்கு. கணக்கைக் கொண்டே மலையை எழுப்புகிற வித்தை அது. அதை முதலில் பார்த்தபோது என் தொழில் மேலேயே எனக்கு மரியாதை கூடியது.

வீடியோ கேம் மேல் பெரியவர்களுக்குப் பயம் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் 1976இல் டெத் ரேஸ் என்ற ஆட்டம், உருவங்களின் மேல் காரை ஏற்றுவதால் பெரும் கண்டனத்தைச் சந்தித்தது. பிலிப்பைன்சில் 1981இல் மார்கோஸ் வீடியோ கேம்களையே தடை செய்தார். 1993இல் மார்ட்டல் காம்பேட்டை முன்வைத்து அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. அடுத்த ஆண்டு வயது வாரியாகத் தரம் பிரிக்கும் அமைப்பு வந்தது. நம் நாட்டில் வாதம் ரத்தத்தைச் சுற்றி அவ்வளவாகப் போகவில்லை. பணத்தைச் சுற்றித்தான் போனது. திருக்குறளில் சூதுக்கென்றே தனி அதிகாரம் வைத்த மண் அல்லவா, அது இயல்பே. 1930ஆம் ஆண்டுச் சென்னை மாகாண சூதாட்டச் சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1967இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியில் பெரும்பங்கு திறமை என்றது. 1995இல் கர்நாடக வழக்கில் வீடியோ கேம் நிலையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்பதை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே பேசப்பட்டவை காசு வைத்து ஆடும் இயந்திரங்கள். எங்கள் சந்தில் மேரியோ ஆடிய பிள்ளைகளுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் வாசல் திரையை இழுத்துவிடுவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பாய்க் கடைகள் போய் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அங்கே ஆடியவை கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி, மேக்ஸ் பெயின். 2011இல் இந்த சென்டர்களுக்கு மத்திய அரசு விதி வந்தது: இருக்கைகளுக்கு இடையே தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, வருகிறவர்களின் அடையாளத்தைப் பதிய வேண்டும். இந்த மேக்ஸ் பெயினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதைச் செய்த ரெமெடி நிறுவனத்தைத் தொடங்கியவர்கள், 1993 அசெம்பிளியில் செகண்ட் ரியாலிட்டி என்ற டெமோவால் பெயர் வாங்கிய ஃபியூச்சர் க்ரூ குழுவினர். பின்லாந்துப் பையன்கள் ஒரு கூடத்தில் காட்டிப் பழகிய வித்தை, எட்டு ஆண்டுகளில் எங்கள் டவுண் பிரவுசிங் சென்டருக்கு வந்து சேர்ந்தது. நம் பிள்ளைகள் அதை ஆடினார்கள். அவர்களில் யாருக்கும் அப்படியொரு கூடம் கிடைக்கவில்லை.

கைத்திறன் இல்லாமல் போகவில்லை. என் மேசைப் பக்கத்தில் நின்று பார்த்தே, இரண்டு ரிமோட்டின் வயர்களை மாற்றி இணைத்து ஒரே ஆளை இருவர் ஓட்டும்படி செய்த தம்பி ஒருவன் இருந்தான். பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு வேறு ஊர் போய்விட்டான். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு, டவுணில் எத்தனையோ வீடுகளில் முதல் கணினி அதுவாகத்தான் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் அதில் இருந்தது. நிரல் எழுதுவதற்கான கருவிகள் காசில்லாமல் கைக்கே வந்தன. ஆனால் பிள்ளைகள் படமும் கேமும் ஏற்றித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஊரெல்லாம் அந்தப் பிள்ளைகளைத் திட்டியது. அதில் ஒன்றை உருவாக்கிக் கொண்டுவா, பார்க்கிறோம் என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பின்லாந்து தன் வாழும் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் டெமோசீனைச் சேர்த்தது. யுனெஸ்கோ உடன்படிக்கையின் கீழ் வைத்திருக்கிற பட்டியல் அது. அடுத்த ஆண்டே ஜெர்மனியும் சேர்த்தது. இங்கே செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. நவம்பரில் ஆன்லைன் ரம்மிக்கு எதிராகத் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு ஆன்லைன் சூதாட்டம் பற்றி அறிக்கை கொடுத்தது. அடுத்து வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது; 2023 ஏப்ரலில் அது சட்டமானது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை கொண்டுவந்தது. ரம்மியில் சேமிப்பையெல்லாம் தொலைத்த குடும்பங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இந்தச் சட்டங்களை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். என் வருத்தம் வேறு. முப்பது ஆண்டுகளாக வீடியோ கேம் என்றதும் நம்மிடம் ஒரு வழக்கோ ஒரு தடையோ இருந்தது. பிள்ளை எழுதியதைக் காட்ட ஓர் இடம் இருந்ததில்லை.

இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாத் தமிழர் சான்று. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெண்பா என்ற ஆட்டத்தை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு, இட்லியும் புட்டும். 2024இல் சுயாதீன ஆட்டங்களுக்கான விழாவில் முதற்பரிசும், பாஃப்டாவில் அறிமுக ஆட்டத்துக்கான பரிசும் அதற்குக் கிடைத்தன. இட்லித் தட்டில் மாவு ஊற்றுவதை ஆட்டமாக்க ஒரு தமிழ் மனம் தேவைப்பட்டது. அந்த மனம் தாமிரபரணிக் கரையிலும் உண்டு.

ஆனித் திருவிழாவையொட்டி டவுணில் பொருட்காட்சி போடுவது நம் வழக்கம். பொருட்காட்சித் திடலில் இப்போது மாநகராட்சி வர்த்தக மையம் கட்டியிருக்கிறது. கூடமும் திரையும் வைக்க வசதி உண்டு. பிள்ளைகள் எழுதியதைக் காட்ட அங்கே ஒரு சனிக்கிழமை இரவு கேட்டு மனு எழுதியிருக்கிறேன். விதிகள் இவை: வயது இருபதுக்குள். 64 கிலோபைட்டுக்குள் எதையும் செய்யலாம், ஆட்டமோ படமோ இசையோ. அரசு மடிக்கணினியில் ஓட வேண்டும். பணம் வைத்து ஆடுவது எதற்கும் இடமில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. கையில் சீட்டு கொடுத்து, வந்தவர்கள் எல்லோரும் வாக்களிக்க வேண்டும்; பிள்ளையைத் தேடி வந்த அம்மாக்களும்.