கோலூன்றித் தாண்டுதல்: கோலைக் காத்த வரலாறு



சென்ற ஆண்டு மாவட்டத் திடல்தடப் போட்டி ஒன்றில் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியது. கோலூன்றித் தாண்டுதல் இடைநிலைப்பள்ளி மாணவர்க்குரிய போட்டி. தொடக்கப்பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அதனோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உடற்கல்வியையும் ஒரு பாடமாகப் பயின்றவன் என்பதால், கோல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் ஒருவர் கொண்டுவந்த கோலின் நடுப்பகுதியில் கறுப்பு நாடா அகலமாகச் சுற்றப்பட்டிருந்தது. "இது ஏன் தம்பி?" என்று வினவினேன். "கொஞ்சம் கீறல் இருந்துச்சு சார், அதான் கட்டிட்டோம்" என்றார். அவர் செய்தது எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் மிகச் சரியான செயலாக இருந்திருக்கும். இன்று அது ஆபத்தான செயல். ஏன் என்பதற்கு இக்கோலின் வரலாற்றைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்த மக்கள் கால்வாய்களைக் கடக்க நீண்ட கழிகளைப் பயன்படுத்தினர். நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் அவ்வழக்கம் இன்றும் விளையாட்டாக நிலைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உயரம் தாண்டும் போட்டியாக இது இங்கிலாந்தில் வளர்ந்தபோது, கோல்கள் கனத்த மரத்தால் ஆனவை. நுனியில் இரும்புக் கூர் பொருத்தப்பட்டிருந்தது. கூரைப் புல்தரையில் குத்தி நிறுத்தி எழும்புவார்கள். அல்வர்ஸ்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வீரர்கள், நிமிர்ந்து நிற்கும் கோலின்மேல் கைக்குமேல் கைவைத்து ஏறிக்கூடச் சென்றார்களாம்! (இன்றைய விதிகள் அதற்கு இடந்தருவதில்லை.) 1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதல் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான வில்லியம் ஹோய்ட் 3.30 மீட்டர் தாண்டி வென்றார். மரக்கோலுக்குப் பெரிய பராமரிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூங்கில் வந்தது. மூங்கில் உள்ளீடற்றது, எடை குறைந்தது, சற்றே வளையவும் கூடியது. ஆனால் உலர உலர அது நார்களின் வழியே நீளவாக்கில் பிளக்கும் இயல்புடையது. ஆகவே வீரர்கள் இடைவெளி விட்டுவிட்டு ஒட்டுநாடாவை இறுக்கமாகச் சுற்றிவைத்தார்கள். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இடுவதைப் போன்ற உத்தி அது. பிளவு தோன்றினாலும் நாடா அதை மேலும் ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூங்கிலிடம் இன்னொரு நற்குணமும் உண்டு. அதன் விரிசல் கண்ணுக்குத் தெரியும். விரல் நகத்தால் வருடினால் தட்டுப்படும். வளைத்துப் பார்த்தால் ஓசையும் கேட்கும். தன் நோயைத் தானே சொல்லிவிடும் பொருள் மூங்கில்.

நல்ல மூங்கில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே மேலை நாடுகளுக்குச் சென்றது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜப்பானியர்களான ஷூஹெய் நிஷிடா, சுவேயோ ஓயே ஆகிய இருவரும் 4.25 மீட்டர் தாண்டினர். நிஷிடாவுக்கு வெள்ளி, ஓயேவுக்கு வெண்கலம் என்று முடிவாயிற்று. தாயகம் திரும்பியதும் இரு பதக்கங்களையும் பாதியாக வெட்டி, வெள்ளியும் வெண்கலமும் கலந்த இரண்டு பதக்கங்களாக ஒட்டச்செய்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர். ஓயே 1941இல் போரில் மாண்டார். கோல் பராமரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லைதான். ஆயினும் இதைக் கூறாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

மூங்கிலின் உச்சத்தைத் தொட்டவர் அமெரிக்கரான கொர்னேலியஸ் வார்மர்டாம். 1940இல் உலகிலேயே முதன்முதலாக 15 அடியைத் தாண்டியவர் அவர். மற்றொருவர் அந்த உயரத்தை எட்டுவதற்குள் போட்டிகளில் 43 முறை அதைத் தாண்டிவிட்டார். 1942இல் அவர் தாண்டிய 4.77 மீட்டர் 1957 வரை உலகச் சாதனையாக நிலைத்தது. நாடா சுற்றிய மூங்கிலைக் கொண்டே இவ்வளவும் செய்தார்!

உலகப் போரினால் ஜப்பானிய மூங்கிலின் வரத்து நின்றது. போருக்குப் பின் எஃகுக் கோலும் அலுமினியக் கோலும் பரவின. உலோகம் பிளக்காது, ஆனால் நசுங்கும். உலோகக் குழாயில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் அடுத்த முறை அந்த இடத்திலேயே அது மடியும். மடிந்த குழாயை நிமிர்த்திப் பயனில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 4.70 மீட்டர் தாண்டி வென்ற டான் பிராக் உலோகக் கோலையே பயன்படுத்தினார். உலோகத்தின் காலம் அவரோடு ஏறக்குறைய முடிவடைந்தது.

1961இல் ஜார்ஜ் டேவிஸ் கண்ணாடி இழைக் கோலைக் கொண்டு 4.83 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காகச் சுருட்டி இறுக்கிச் செய்யப்படுவது இக்கோல். வில்லாக வளைந்து, ஓடிவந்த வேகத்தைத் தன்னுள் சேமித்து, நிமிரும்போது வீரரை மேலே அனுப்புகிறது. 1963இல் ஜான் பென்னல் 17 அடியைத் தாண்டினார். 1994இல் செர்கேய் புப்கா 6.14 மீட்டரையும், 2025 செப்டம்பரில் தோக்கியோவில் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ் 6.30 மீட்டரையும் தாண்டினர். விழும் இடமும் உடன் மாறியது. மணலும் மரத்தூளும் இருந்த குழியில் 1960களில் நுரைமெத்தைகள் இடம்பெறத் தொடங்கின. மெத்தை வந்த பின்னரே வீரர்கள் துணிந்து முதுகில் விழுந்தனர்.

மாணவரின் நாடா ஏன் தவறு என்பதற்கு விடை இங்கேதான் உள்ளது. கண்ணாடி இழைக் கோல் வளையும்போது ஒருபுறம் இழுபடுகிறது, மறுபுறம் நெருக்குண்கிறது. மேற்பரப்பில் ஆழமான கீறல் ஒன்று இருந்தால் அங்கே இழைகள் அறுந்துள்ளன என்று பொருள். சுமை முழுவதும் அந்தக் கீறலின் முனையில் குவிகிறது. பத்து முறை ஒன்றும் நேராது. பதினோராம் முறை கோல் வெடித்துச் சிதறலாம். மூங்கிலில் நாடா பிளவைப் பிடித்து நிறுத்தியது. இங்கோ, அறுந்த இழையை நாடாவால் இணைக்க இயலாது. கீறலை நம் கண்ணிலிருந்து மறைக்க மட்டுமே இயலும்.

ஆகவே பழுதான பின் கட்டுப்போடும் பழக்கம் போய், பழுது வராமல் காக்கும் முறை வந்தது. கோலை உறையிலோ குழாயிலோ இட்டே எடுத்துச் செல்லவேண்டும். ஆணிக் காலணிகள் நடமாடும் தரையில் கோலைப் போட்டுவைத்தல் கூடாது. பயிற்சியின்போது, தாண்டி முடித்ததும் பின்னோக்கிச் சாயும் கோலைத் தோழர் ஒருவர் கையில் ஏந்திக்கொள்வது நல்லது. கைப்பிடி நாடாவைச் சுற்றியபின் கோலின்மேல் வைத்தே கத்தியால் அறுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. கோலைச் சுற்றி வளையமாக ஒரு வெட்டு விழ அதுவே போதும். கோலை ஊன்றும் பெட்டி 20 செண்டிமீட்டர் ஆழமுடையது. அதில் சேரும் மணல் அரம்போலக் கோலின் அடியைத் தேய்க்கும். அடிமுனையின் இரப்பர் மூடி தேய்ந்துவிட்டால் உடனே மாற்றவேண்டும். மெத்தைக்கோ, நம் நாட்டு மழையில், மேலே உறையும் அடியில் காற்றோட்டத்திற்கு மரச்சட்டங்களும் இன்றியமையாதவை.

உலக அரங்கிலும் இச்சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரேசிலின் ஃபபியானா முரேருடைய கோல்களில் ஒன்று காணாமற்போய்விட்டது. திடலெங்கும் தேடியலைந்தவர் பத்தாம் இடத்தையே பெற்றார். அதே வீராங்கனை 2011இல் உலக வெற்றியாளரானார். 2012 இலண்டனில் கியூபாவின் லாசரோ போர்கெஸ் ஊன்றிய கோல் நடுவானில் மூன்று துண்டாக முறிந்தது. நல்வேளையாக அவர் பெருங்காயமின்றி எழுந்தார்.

மாவட்டப் போட்டிக்குத் திரும்புகிறேன். நாடாவைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே கட்டைவிரல் நீளத்திற்கு ஒரு வெண்கோடு, கோலின் குறுக்கே. இந்தக் கோலை அனுமதிக்க இயலாது என்றேன். உடன் வந்த ஆசிரியருக்குக் கோபம் வந்தது. ஆயிரம் ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட விலையுள்ள பொருள் அது. அவர்கள் பள்ளிக்கு அந்த எடைக்குரிய கோல் வேறில்லை. அவருடைய வருத்தம் எனக்கும் புரிந்தது. இறுதியில் வேறொரு பள்ளியினர், அதே எடைக் குறியுள்ள தங்கள் கோலை இரவல் தந்தனர். பழகாத கோலோடு அம்மாணவர் தொடக்க உயரத்தை மட்டுமே தாண்டினார்.

போட்டி முடிந்ததும் அந்த ஆசிரியரே பண்டக அறையிலிருந்து இரம்பம் ஒன்றை வாங்கி வந்தார். கோலை நான்கு துண்டுகளாக அறுத்தோம். முழுதாக விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு வேறு யாராவது நாடா சுற்றி எடுத்து வந்துவிடுவார்கள் என்று அவரே கூறினார்.