பருவமும் அம்மைப்பாலும்

ஓர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். பயிருக்குப் பருவம் இருப்பது போல நோய்க்கும் பருவம் உண்டு என்பதைப் பண்டை மக்கள் பட்டறிவினால் உணர்ந்திருந்தனர். வங்காளத்தில் பெரியம்மைக்கு வழங்கிய பெயரே ‘வசந்த ரோகம்’ என்பதாகும். இளவேனிலில் எழுந்து, முதுவேனிலில் முற்றி, மழை பெய்தபின் தணியும் அந்நோயின் இயல்பு அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. வெம்மை மிகுந்த காலத்தில் மாரியம்மனை வேண்டிக் குளிர்ச்சி செய்வது தமிழ் மக்களின் வழக்கம். மாரி என்பதற்கு மழை என்பது பொருள் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளலாம்.

நோய்க்குப் பருவம் உண்டெனில், அதனைத் தடுக்கும் மருந்துக்கும் பருவம் உண்டோ? இவ்வினாவின் வரலாறு ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருக்கத் தக்கது.

ஜென்னருக்கு முன்

எட்வர்ட் ஜென்னர் தோன்றுவதற்கு முன்பே வங்காளத்தில் அம்மை குத்தும் முறை இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர்களுக்கு இதனை விரிவாக எழுதினார். அம்மை குத்துவோர் ஆண்டுதோறும் வேனிலின் தொடக்கத்தில், நோய் பரவுவதற்கு முன்னரே ஊர் ஊராக வருவர். முந்திய ஆண்டு எடுத்துப் பஞ்சில் காத்து வைத்த அம்மைச் சீழையே பயன்படுத்துவர். குத்திக்கொள்வோர் முன்னதாகவே மீன், பால், நெய் ஆகியவற்றை விலக்கிப் பத்தியம் இருக்க வேண்டும். பருவம் பார்த்தே அவர்கள் இத்தொழிலைச் செய்தனர் என்பது கருதத்தக்கது. எனினும் உண்மையான பெரியம்மையையே உடலில் ஏற்றுவதால் சிலர் உயிரிழப்பதும், பிறருக்கு நோய் பரவுவதும் உண்டு. அவ்விடரை நீக்கியது, 1796-ஆம் ஆண்டில் ஜென்னர் கண்ட பசு அம்மைப்பால் முறை.

வெயிலில் மாண்ட மருந்து

அம்மைப்பாலை இந்தியாவுக்குக் கொண்டுவருவது எளிதாக இல்லை. நீண்ட கடற்பயணத்தில் அது வீரியம் இழந்தது. இறுதியில் வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாது, பாசரா வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது வெற்றியுடன் குத்தப்பட்டது. அவள் கையிலெழுந்த கொப்புளத்திலிருந்து மற்றொரு குழந்தைக்கும், அக்குழந்தையிடமிருந்து வேறொரு குழந்தைக்குமாக, கைக்குக் கை மாறி நாடெங்கும் பரவியது.

இச்சங்கிலியை அறுத்தது வெயில். கோடையில் அம்மைப்பால் விரைவில் கெட்டது. குத்திய இடத்தில் கொப்புளம் எழவில்லை. ஆதலால் குளிர்ந்த மாதங்களே அம்மை குத்தும் பருவம் என அரசினர் வகுத்துக்கொண்டனர். கோடையில் ஊரில் நோய் மூளும்போதோ, கையிலிருந்த மருந்து வலுவற்றதாயிருந்தது. அம்மை குத்திக்கொண்ட பிள்ளைக்கும் வைசூரி கண்டால் பெற்றோர் அம்மருந்தை எவ்வாறு நம்புவர்? மக்கள் அஞ்சி ஒதுங்கியபோது அதிகாரிகள் பலர் அதனை மூடநம்பிக்கை என்று பழித்தனர். மூடநம்பிக்கை இருந்ததென்பது உண்மையே. ஆனால், கெட்டுப்போன மருந்தைக் கண்ட மக்களின் ஐயம் அனைத்தையும் அப்பெயரால் தள்ளிவிடுவது நேர்மையாகாது.

இக்குறையை நீக்க அறிவியலார் பலகாலம் உழைத்தனர். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை விளைவித்து மாகாணத்துக்கு வழங்கியது. மலாயாவுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பலேறினர். 1950-களில் இலண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த காலியர், அம்மைப்பாலை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 37 பாகை வெப்பத்திலும் ஒரு திங்கள் வரை அது கெடாதிருந்தது. மருந்து வெயிலை வென்றபின், பருவத்தையே துணையாகக் கொள்ளவும் அறிஞர் கற்றனர். நோய் தணிந்திருக்கும் மழைக்குப் பிந்திய மாதங்களில் எஞ்சிய நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றியிருப்போருக்கு அம்மை குத்தினால், அடுத்த வேனிலில் நோய் தலையெடுக்காது என உணர்ந்தனர். 1975-ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது.

குடலுக்குள் ஒரு போட்டி

மருந்து கெடுவதுதான் தோல்விக்குக் காரணம் என்றால் வினா இங்கேயே முடிந்திருக்கும். இளம்பிள்ளைவாதம் அதனை மீண்டும் எழுப்பியது. ஆல்பர்ட் சேபின் கண்ட வாய்வழிச் சொட்டுமருந்து, குளிர்நாடுகளில் மூன்று முறை கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் காத்தது. வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜான் முதலியோர் கண்ட நிலை வேறு. முறையாகச் சொட்டுமருந்து பெற்ற குழந்தைகள் பலரின் குருதியில் எதிர்ப்பாற்றல் போதிய அளவு தோன்றவில்லை. வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை, மூன்று முறைக்குப் பின் முதல் வகைக் கிருமிக்கு 73 விழுக்காட்டுக் குழந்தைகளும், மூன்றாம் வகைக்கு 70 விழுக்காட்டினருமே எதிர்ப்பாற்றல் பெற்றனர் எனக் காட்டியது.

இங்கே கெட்டது மருந்தன்று. சொட்டுமருந்து என்பது வலுக்குறைத்த உயிர்க் கிருமி. அது குடலில் தங்கிப் பெருகினால்தான் பயன் தரும். வெப்பமும் ஈரமும் மிகுந்த காலத்தில் குழந்தையின் குடலில் வேறு கிருமிகள் முன்னரே குடியேறி இடங்கொடாமல் தடுக்கின்றன. வயிற்றுப்போக்கும் அதனை வெளியேற்றிவிடுகிறது. இதற்கு மாற்று, நோய் தணிந்த குளிர்ந்த பருவத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் ஒருசேரக் கொடுத்து, அதனைப் பல சுற்றுகளாக மீண்டும் செய்வதாகும். 1962-ஆம் ஆண்டில் கியூபா நாடு முழுவதும் ஒருசேரக் கொடுத்து வழிகாட்டியது. இந்தியா 1995-ஆம் ஆண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் தொடங்கியது. பின்னர் மருந்தின் வகையையும் மாற்றியமைத்தனர். 2011-ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் அந்நாட்டில் காட்டுவகைக் கிருமியால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை.

உடலுக்கும் பருவம் உண்டு

மூன்றாவதாக, மனித உடலே பருவத்துக்கேற்ப மாறுகிறது என்பதும் இந்நூற்றாண்டில் தெளிவாகியுள்ளது. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, குருதி அணுக்களின் மரபுக்கூறுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஆண்டின் காலத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் இயங்குவதைக் கண்டது. ஐரோப்பியரிடம் அழற்சியைத் தூண்டுவன குளிர்காலத்தில் ஓங்குகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவிலோ அத்தகைய மாற்றம் மழைக்காலத்தைத் தழுவியிருந்தது. சிறுபொழுதுக்கும் பங்குண்டு போலும். இங்கிலாந்தில் 65 வயது கடந்தோரிடம் நிகழ்த்தி 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சளிக்காய்ச்சல் தடுப்பூசியைக் காலையில் பெற்றோரிடம் மாலையில் பெற்றோரைவிடச் சில வகைக்கு எதிர்ப்பாற்றல் மிகுந்திருந்தது.

ஆகவே ‘பருவம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன: மருந்தை அழிக்கும் வெப்பம், குடலில் போட்டியிடும் பிற கிருமிகள், உடலின் உள்ளியல்பு. முதலாவதைக் குளிர்பெட்டி வெல்லும். இரண்டாவதை மீண்டும் மீண்டும் கொடுத்து வெல்லலாம். மூன்றாவதனால் விளையும் வேறுபாடு, ஊசி போடாதிருப்பதனால் விளையும் கேட்டுக்கு ஒருபோதும் ஈடாகாது. நல்ல பருவம் வரட்டும் என்று குழந்தைக்குரிய தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது இவ்வரலாற்றைத் தவறாகக் கற்பதாகும். வெயிலையும் மழையையும் கருதிக் காலம் வகுப்பது ஆட்சியாளர் கடன். குறித்த நாளில் பிள்ளையை அழைத்துச் செல்வது பெற்றோர் கடன். அதனை அவர்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.