ஏதிலிச் சிறாரும் இசையும்

வாளையாற்றைக் கடந்து கஞ்சிக்கோட்டில் பிழைக்க வந்த தமிழர் விரும்பியபோது ஊர் திரும்பலாம். திரும்ப வழியற்ற சிறாருக்கு ஆறுதல் யாது?

1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். திபெத்தியர் பல்லாயிரவர் இமயம் கடந்து வந்தனர். உணவுக்கும் உறையுளுக்கும் இடர்ப்பட்ட அவ்வாண்டிலேயே, கலிம்போங்கில் இசை நாடகக் கழகமொன்றைத் தொடங்கினர். பின்னர் அது தர்மசாலாவில் நிலைபெற்றது. 1960 மே மாதம், சாலைப்பணி முகாம்களிலிருந்து நோயும் மெலிவுமாய் 51 குழந்தைகள் அவ்வூர் வந்தனர். தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா அவர்களைப் பேணினார். அக்காப்பகமே திபெத்தியச் சிறுவர் கிராமமாக வளர்ந்தது. கழகத்தில் பயின்றோர் திபெத்தியப் பள்ளிகளுக்கு இசையாசிரியராய்ச் சென்றனர்.

அச்சத்தால் வாயடைத்த குழந்தை தன் துயரைச் சொல்லாது. பலரோடு கூடிப் பாடினால் அதன் குரல் எழும், தனிமை அகலும். இசை மருந்துக்கு மாற்றன்று. ஆயினும், அன்னத்தோடு பாட்டையும் அளித்த அம்மக்களின் அறிவு போற்றத்தக்கது.