தோட்டத்துப் பிள்ளையும் கல்விக் கருவியும்

விஜயதசமி தினத்திலே நம் கோயில்களில் ஏடு தொடக்கும் காட்சியைக் கண்டிராதார் நம்மில் எவருமிலர். தாம்பாளத்திலே பச்சரிசியைப் பரப்பி, குழந்தையின் சுட்டுவிரலைப் பெரியவர் ஒருவர் தம் கையாற் பற்றி, ‘அ’ என்னும் எழுத்தை எழுதுவிக்கின்றார். இன்று அதே விரல் கையடக்கத் தொலைபேசியின் கண்ணாடித் திரையிலே ஓடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலே நம் தோட்டப் பாடசாலைகளின் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்விக் கருவிகள் நம் பிள்ளைகளிடம் எப்பொழுது வந்தன, வந்தபின் எதனாற் பயன்பட்டன என்பவற்றை அறிந்தாலன்றி, இன்று நம் கையிலுள்ள கருவியை எவ்வாறு ஆளுவது என்று தீர்மானித்தல் அரிதாகும்.

மணலும் சட்டாம்பிள்ளையும்

பண்டைத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே மாணாக்கர் மணலிற் கைவிரலால் எழுதிப் பழகினர். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பலர். ஆதலின் முன்னரே கற்றுத் தேறிய மூத்த மாணாக்கனைச் சட்டாம்பிள்ளையாக நியமித்து, அவனைக் கொண்டு இளையவர்க்குக் கற்பிக்கும் முறை வழங்கி வந்தது.

இம்முறையின் பெருமையை மேனாட்டாருக்கு அறிவித்தவர் அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர். சென்னை எழும்பூரிலிருந்த படைவீரரின் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு 1789 ஆம் ஆண்டில் மேற்பார்வையாளராகிய அவர், நம்மவர் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதனைத் தொடங்கி, சிறுவரைக் கொண்டே சிறுவருக்குப் பாடஞ் சொல்வித்தார். 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் காரணமாக இம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று, இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைகள் பலவற்றிலும் பரவிற்று. காசில்லாத மணலும், பக்கத்திலமர்ந்து சொல்லித்தரும் மூத்த பிள்ளையும் சேர்ந்து செய்த காரியத்தின் அளவு இதுவாகும்.

லயப் பள்ளியும் தோட்டப் பாடசாலையும்

கடல் கடந்து வந்து இம்மலைகளிற் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் இறப்பரும் நட்ட நம் முன்னோர், இத்திண்ணைப் பள்ளியின் சாயலையும் உடன் கொண்டு வந்தனர். தோட்டங்களிலே எழுத்தறிந்த ஒருவர் மாலை வேளையில் லயத்து வாசலிற் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தவையே லயப் பள்ளிகள் எனப்பட்டன. அவற்றுக்குச் சட்டமுமில்லை; சம்பளமுமில்லை.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்குதல் தோட்டத் துரைமாரின் கடமை என விதித்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் வலியுறுத்திற்று. இவற்றின் பயனாக எழுந்த தோட்டப் பாடசாலை எத்தகையது என்பதை நம் பெரியோர்கள் நன்கறிவர். தடுப்புச் சுவரில்லாத ஒரே மண்டபம், ஐந்து வகுப்புக்கும் ஒரே மாஸ்டர், ஒரு கரும்பலகை, பிள்ளை கையில் ஒரு சிலேட்டு. அரிச்சுவடி வகுப்பு மாஸ்டரைச் சூழ்ந்திருக்கையில், நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்கும். எவரும் அதனைச் சட்டாம்பிள்ளை முறை என்று பெயரிட்டு அழைத்தாரல்லர். ஆயினும் அதுவே அங்கு நிகழ்ந்தது.

1945 ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி உதயமாயிற்று. நாடே போற்றும் அத்திட்டத்தின் வாயிற்படிக்கு வெளியே நம் தோட்டப் பாடசாலைகள் நிறுத்தப்பட்டன. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பொழுதும் அவை வெளியிலேயே நின்றன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 முதல், தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் பணி படிப்படியாகத் தொடங்கிற்று. நாட்டின் ஏனைய பிள்ளைகள் முப்பதாண்டுக்கு மேல் அனுபவித்த உரிமை நம் பிள்ளைக்கு அப்பொழுதே கிட்டிற்று. 1980 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் இலவசமாகப் பாடநூல்களை வழங்கலாயிற்று. புத்தம்புதிய நூலை மணந்து பார்த்து மார்போடணைத்துச் சென்ற அந்தத் தலைமுறையினர் இன்று நம் சபையில் முதியோராய் வீற்றிருக்கின்றனர்.

சப்பிரகமுவ மாகாணத்து நிலைமையில் வேறொரு சிக்கலும் உண்டு. நுவரெலியாவிற் போன்று இங்குத் தோட்டங்கள் தொடர்ச்சியாக அமைந்தவையல்ல. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை என இரத்தினபுரி மாவட்டத்திலும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றை எனக் கேகாலை மாவட்டத்திலும் அவை சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. அதனாற் பாடசாலைகளும் சிறியனவாய்ச் சிதறிக் கிடக்கின்றன. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இம்மாவட்டத் தோட்டங்களைத் தாக்கிய காலத்திற் குடும்பங்கள் இடம்பெயர, பிள்ளைகளின் படிப்பும் இடைமுறிந்தது.

தாமதித்து வந்த கருவிகள்

வெளியுலகில் இதற்குள் புதுக் கருவிகள் பல தோன்றிவிட்டன. 1925 ஆம் ஆண்டிற் கொழும்பில் வானொலி நிலையம் தொடங்கப் பெற்றது. பின்னர்ப் பாடசாலைகளுக்கென ஒலிபரப்புக்களும் நிகழ்ந்தன. 1982 ஆம் ஆண்டில் ரூபவாஹினி வந்தது. 1995 ஆம் ஆண்டில் இணையம் இலங்கையிற் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. இவையனைத்தும் மின்சாரத்தையும் கட்டடத்தையும் வேண்டி நின்றவை. மின்விளக்கே காணாத லயத்துக்கும், பூட்டத்தக்க கதவில்லாத பாடசாலைக்கும் அவை வந்து சேரக் காலதாமதமாயிற்று.

2005 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் ‘நெனசல’ என்னும் பெயரால் ஊர்தோறும் கணினி நிலையங்களை அமைக்கத் தொடங்கியபொழுது, அவற்றுட் பல வழிபாட்டிடங்களிலே நிறுவப்பட்டன. கல்விக் கருவி கோயிலின் நிழலில் இருத்தல் புதுமையன்று என்பதற்கு அஃது ஒரு சான்றாகும்.

கணினி பேசுவது ஆங்கிலமே என்றிருந்த காலமும் மாறிற்று. உலகப் பொதுவான ஒருங்குறி முறையில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழெழுத்து இடம் பெற்றது. 2003 ஆம் ஆண்டில் ஈழத்தவரான மயூரநாதன் அவர்களின் முன்முயற்சியால் தமிழ் விக்கிப்பீடியா எழுந்தது. 2005 ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் மின்வடிவிற் காக்கும் நூலகம் என்னும் திட்டம் தொடங்கிற்று. நூல்நிலையமே இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு பெரும் நூல்நிலையம் தமிழிலேயே திறந்து கிடக்கின்றது என்பது இதன் பொருளாகும்.

லயத்துக்கு வந்த தொலைபேசி

1989 ஆம் ஆண்டில் இலங்கையிற் கையடக்கத் தொலைபேசிச் சேவை ஆரம்பமானது. அக்காலத்தில் அது செல்வந்தரின் ஆடம்பரம். விலை குறையக் குறைய, கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் தொழில் புரியும் மகனோடும் மகளோடும் பேசுவதற்கென அது லயத்துக்குள் நுழைந்தது. தோட்டத்துப் பிள்ளையின் இருப்பிடத்துக்கு, பாடசாலையின் வாயிலாக அன்றி நேரே வந்து சேர்ந்த கல்விக் கருவி இதுவேயாம். ஆயினும் அது கல்விக் கருவி என்பதை எவரும் அப்பொழுது எண்ணவில்லை.

2020 மார்ச் 13 ஆம் திகதி முதல் கொள்ளைநோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ‘குருகெதர’ என்னும் பெயரிற் சிங்களத்திலும் தமிழிலும் தொலைக்காட்சிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் மும்மொழிப் பாடங்களும் இருந்தன. ஆசிரியர்கள் வட்ஸ்அப் வழியே பாடக்குறிப்பை அனுப்பினர். ஆனால் அலைவரிசை மலையடிவாரத்துக்கு எட்டவில்லை. ஊவா மாகாணத்துப் பொகிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறியதை 2021 ஆம் ஆண்டில் உலகச் செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. நம் மாவட்டத்துத் தேயிலை மலைகளிலும் அவ்வாறு ஏறிய பிள்ளைகள் உண்டு. படம் பிடிப்பார்தாம் இலர்.

அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. திறன்பேசியொன்று வாங்கப் பல வாரச் சம்பளம் வேண்டும். அதன் பின் ‘டேட்டா’வுக்கும் பணம் வேண்டும். 2021 ஜூலை முதல் சில மாதங்கள், சம்பளப் பிரச்சினை காரணமாக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகி நின்றன. 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதி இருநூறு மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புக்கள் முதலில் திறக்கப்பட்டன. சிறுமையே நம் தோட்டப் பாடசாலைகளுக்கு வாய்ப்பாய் அமைந்த அரிய வேளை அது. மறு ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்னேற்றாத தொலைபேசி வெறுங் கண்ணாடித் துண்டேயன்றோ!

அக்காலத்தில் யான் நேரிற் கண்ட ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். மூன்று பிள்ளைகள் கற்கும் ஒரு வீட்டில் ஒரே தொலைபேசி. பகலில் அது தந்தையாரோடு வேலைக்குச் செல்லும். மாலை ஆறு மணிக்குத் திரும்பும். பத்தாம் வகுப்பிற் பயின்ற மூத்த பெண், அலைவரிசை கிடைக்கும் மாரியம்மன் கோயில் விறாந்தைக்கு அதனை எடுத்துச் சென்று, மூன்று வகுப்புக்குரிய குறிப்புக்களையும் இறக்கிக் கொள்வாள். திரை சிறியது, எழுத்து மங்கல். ஆகையால் தம்பியரின் பாடங்களைக் கொப்பியிற் கையாலெழுதி, அவற்றை விளங்கவும் சொல்வாள். சில நாட்களில் அயல் லயத்துப் பிள்ளைகளும் கொப்பியோடு வந்தமர்ந்தனர். அந்த விறாந்தையிலே நான் கண்டது எழும்பூரில் பெல் துரை கண்டதையே. மணலுக்குப் பதிலாகத் திரை இருந்தது. சட்டாம்பிள்ளை மாத்திரம் மாறவில்லை.

வரலாறு புகட்டுவது யாது?

இஃது ஒரு தோட்டத்தில் மாத்திரம் நிகழ்ந்த அதிசயமன்று. 1999 ஆம் ஆண்டில் டில்லி கல்காஜியிலே சுகத மித்ரா என்னும் அறிஞர் சேரியை அடுத்த சுவரொன்றிற் கணினியைப் பதித்து வைத்தார். சிறுவர் கூட்டமாக நின்று, ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொடுத்து அதனை இயக்கப் பழகினர். 2020 ஜூனிற் கேரள அரசாங்கம் தொலைக்காட்சி வழிப் பாடங்களைத் தொடங்கிய பொழுது, வீட்டில் வசதியற்ற பிள்ளைகள் ஊர் நூல்நிலையங்கள் முதலிய பொதுவிடங்களிற் கூடிக் கற்க ஏற்பாடாயிற்று. 2021 ஒக்டோபரிற் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வத் தொண்டர்கள் மாலைதோறும் பிள்ளைகளைத் தம் குடியிருப்பிலேயே கூட்டிக் கற்பித்தனர். கல்வியில் தொழில்நுட்பம் பற்றி 2023 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும், கருவி ஆசிரியருக்குத் துணையாகலாமேயன்றி அவரிடத்தை நிரப்பவியலாது என்றே எச்சரித்தது.

ஆகவே வரலாறு புகட்டும் உண்மை ஒன்றே. கருவி தனித்து நின்று எந்தப் பிள்ளைக்கும் எழுத்தறிவித்ததில்லை. கூடியிருக்க ஓரிடமும், அருகிருந்து சொல்லித்தர ஒருவரும் வாய்த்தபொழுது மணலும் போதியதாயிற்று. அவை வாயாதபொழுது விலையுயர்ந்த யந்திரமும் வீணாயிற்று.

நாம் செய்யத்தக்கது

இளைஞர் அன்பர்காள்! நம் மாவட்டத்தில் உயர்தரக் கணித, விஞ்ஞான பாடங்களைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் வாய்ப்பு மிக அரிது. ஆற்றலுள்ள பிள்ளைகள் பிற மாவட்டங்களுக்குச் சென்று தங்கிப் படிக்க நேர்கின்றது. அதற்கு வசதியற்ற பிள்ளை விருப்பமில்லாத பிரிவைத் தேர்கின்றது, அன்றேல் கொழும்புக் கடைக்கு வேலைக்குச் செல்கின்றது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலுமுள்ள நல்லாசிரியரின் பாடத்தைப் பலாங்கொடை மலைக்குக் கொண்டுவரும் ஆற்றல் தொலைபேசிக்கு உண்டு. அந்த ஆற்றலை விளையாட்டிலும் வீண் காட்சியிலும் செலவிடுதல் நம் தங்கை தம்பியரின் எதிர்காலத்தைச் செலவிடுதலேயாம்.

பெரியோர்களே! தொலைபேசி பிள்ளையைக் கெடுக்கும் என்று நீங்கள் அஞ்சுவது காரணமின்றியன்று. ஆனால் அது கெடுப்பது பெரும்பாலும் பிள்ளை தனித்து மூலையில் இருக்கும்பொழுதாம். பலர் நடுவே மேசைமீது வைத்த தொலைபேசி அவ்வளவு கேடு செய்யாது.

தோட்டந்தோறும் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ மாலையில் இரண்டு மணி நேரம் படிப்பகம் ஒன்றைத் தொடங்குவோம். பாடங்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் அலைவரிசை உள்ள இடத்தில் முன்னரே இறக்கி வைத்தால், ‘டேட்டா’ இல்லாத பிள்ளையும் கற்கலாம். சாதாரண தரம் முடித்த ஒவ்வோர் இளைஞரும் ஐந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். திரையிற் கண்டதைப் பிள்ளை தன் கையாற் கொப்பியில் எழுதட்டும். எழுதியதை உரக்க வாசிக்கட்டும். பெரியோர் ஒருவர் நாள்தோறும் உடனிருக்கட்டும். இதற்கு வேண்டிய பொருட்செலவு சிறிது. வேண்டிய நேரமும் பொறுமையுமே பெரிது.

நம் முன்னோர் சட்டமும் சம்பளமுமின்றி லயத்து வாசலிற் பள்ளி நடத்தினர். மின்விளக்கும் தொலைபேசியும் உள்ள நாம் அதனினும் குறைவாகச் செய்தல் தகுமா? வருகின்ற விஜயதசமியில் அரிசித் தட்டில் எழுதவிருக்கும் குழந்தையின் விரலைப் பற்றுவதற்கு ஒரு பெரியவர் இருப்பார். அவ்விரல் திரையைத் தொடும் வயதிலும் பற்றுவதற்கு ஒருவர் அருகிருத்தல் வேண்டும். அந்த ஒருவர் நம் சங்கத்தினராக இருப்பாராக!