ஒரு மணி நேரம் விழித்திருத்தல்



சில வருடங்களுக்கு முன் எமது ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளை ஒருவனை நாம் அடக்கம் செய்தோம். பத்து வயது. இரத்தப் புற்றுநோய். பெற்றோர் கேட்டுக்கொண்டபடி அவன் முன்னால் நாம் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பார்க்கப் போகும் போதெல்லாம் "கெதியாய்ச் சுகமாகி வந்திடுவாய்" என்று மட்டும் சொல்லி, ஜெபித்துவிட்டு வந்தோம். ஒருநாள் வாலிபர் சங்கத்து அண்ணா ஒருவரிடம் அவன் கேட்டான்: "இந்த முறை நத்தார் நாடகத்துக்கு என்ரை மேய்ப்பன் உடுப்பை ஆருக்குக் குடுக்கப் போறியள்?" அண்ணா சிரித்துக்கொண்டே, "வேறை ஆருக்கு? உனக்குத்தான்" என்றார். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு யாரிடமும் அவன் அப்படி எதுவும் கேட்கவில்லை.

அடக்க ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது அந்த அண்ணா எங்களிடம் கேட்டார்: "அக்கா, நான் என்ன சொல்லியிருக்கவேணும்?" சபையில் தாதியராக வேலை செய்யும் எங்களிடம் அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அன்று நாங்கள் அவரது தோளைத் தட்டியதோடு சரி. அவருக்குத் தரவேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறோம். அவருடைய கேள்வியை அவருக்கு முன்பே பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பதில் தேடிய கதை ஏறக்குறைய எண்பது வருடக் கதை.

சென்னையில் படித்தவரும் பொஸ்டன் வைத்தியரும்

1947 வரை, இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே இருந்தன. அந்த வருடக் கடைசியில் பொஸ்டன் நகரின் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் அமினோப்டெரின் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1948 ஜூனில் முடிவுகளை வெளியிட்டார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் சிறிது காலம் பின்வாங்கியிருந்தது.

அந்த மருந்தைத் தயாரித்த ஆய்வுக் குழுவின் தலைவர் யெல்லாபிரகடா சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுமையான மருத்துவப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர். ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், அவர் காலமானார்.

இன்று பிரித்தானியாவில் புற்றுநோய் வரும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த நீண்ட பாதையின் தொடக்கம் அந்த 10 பிள்ளைகள். ஆனால் அவர்களுடைய சுகம் நிலைக்கவில்லை. நோய் திரும்பி வந்தது. முன்பு வாரக்கணக்கில் முடிந்த நோய் இப்போது மாதக்கணக்கில், பிறகு வருடக்கணக்கில் நீடித்தது. அவ்வளவு காலமும் பிள்ளையிடம் என்ன சொல்வது? யார் கூட இருப்பது? அதற்கு ஊசியிலும் குளிசையிலும் பதில் இருக்கவில்லை. இதை உணர்ந்தவர்களில் ஃபார்பரும் ஒருவர். பிள்ளைக்கு மருந்து, குடும்பத்துக்கு ஆறுதல், பணக்கஷ்டத்துக்கு உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

வாசலில் நிறுத்தப்பட்ட பெற்றோர்

அதே காலத்தில் நாம் வாழும் இந்த லண்டனில் நிலைமை எப்படி இருந்தது? சில வைத்தியசாலைகளில் பெற்றோர் ஞாயிறு பிற்பகலில் மாத்திரம் பிள்ளையைப் பார்க்கலாம். இன்னும் சிலவற்றில், முதல் மாதம் பிள்ளை நித்திரையான பிறகு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். பெற்றோர் வந்தால் தொற்று வரும், அவர்கள் போகும்போது பிள்ளை அழும் என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. அழாத பிள்ளை "பழகிவிட்டது" என்று தாதியரும் நம்பினார்கள்.

அது பழகியதல்ல, நம்பிக்கை இழந்தது என்று காட்டியவர் ஜேம்ஸ் றொபேட்சன். சிறிய சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றை அவர் படம் பிடித்தார். 1952இல் அந்தப் படம் திரையிடப்பட்டபோது வைத்தியர்கள் பலர் கோபப்பட்டார்கள். ஆனாலும் அது பலருடைய மனதை மாற்றியது. 1959இல் சேர் ஹரி பிளாட் தலைமையிலான அரசாங்கக் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்துபோக இடம் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பல வைத்தியசாலைகள் அதை ஏட்டில் வைத்துக்கொண்டன. 1961இல் தென்லண்டன் பற்றர்சீயைச் சேர்ந்த தாய்மார் சிலர் சங்கம் அமைத்துப் போராடத் தொடங்கினார்கள். இன்று பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு மடிப்புக் கட்டில் விரிக்கிறோமே, அதற்குப் பின்னால் அந்தத் தாய்மாரின் உழைப்பு இருக்கிறது.

பிள்ளைக்குத் தெரியும்

பெற்றோர் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் உண்மை இன்னும் வாசலிலேயே நின்றது. பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது, சொன்னால் தாங்கமாட்டார்கள் என்பதே வைத்தியர்களின் பொதுவான எண்ணமாக இருந்தது. 1965இல் அமெரிக்காவில் வேர்னிக், கரோன் என்ற இருவர் வேறுவிதமான அனுபவத்தை எழுதினார்கள். தங்கள் வார்டில் இருந்த 9 முதல் 20 வயது வரையான நோயாளிகளுக்கு நோயின் பெயரை மறைக்காமல் சொல்லி, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் கொடுத்தார்கள். மரணத்துக்கு அதிகம் பயந்தவர்கள் பெரியவர்கள்தான் என்பது அவர்களுடைய கருத்து.

அதைவிட ஆழமாகப் பார்த்தவர் மைரா புளூபொண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க வைத்தியசாலை ஒன்றில், இரத்தப் புற்றுநோய் வந்த 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளோடு அவர் மாதக்கணக்கில் பழகினார். 1978இல் வெளிவந்த அவரது நூல் சொல்லும் செய்தி இதுதான்: யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அறிந்துகொள்கிறார்கள். முதலில் இது பெரிய நோய் என்று தெரிகிறது. பிறகு மருந்துகளின் பெயர்களும் அவை செய்யும் வேலையும் தெரிகின்றன. பிறகு நோய் போவதும் திரும்பி வருவதும் தெரிகிறது. கடைசியில், இதே நோயோடு இருந்த இன்னொரு பிள்ளை இறந்ததைக் கேள்விப்படும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விளங்கிவிடுகிறது.

விளங்கிய பிறகு ஏன் பேசுவதில்லை? பெரியவர்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். ஒரு சிறிய கேள்வியை எறிகிறார்கள். அம்மா முகத்தைத் திருப்பினால், அண்ணா சிரித்து மழுப்பினால், இதைப் பேசக்கூடாது என்று தெரிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காகப் பிள்ளையும் நடிக்கத் தொடங்குகிறது. பெற்றோர் பிள்ளையைக் காப்பாற்ற நடிக்கிறார்கள், பிள்ளை பெற்றோரைக் காப்பாற்ற நடிக்கிறது. இரண்டு பக்கமும் அன்புதான், ஆனாலும் இரண்டு பக்கமும் தனிமை.

மேய்ப்பன் உடுப்பைப் பற்றிய கேள்வியும் அப்படி எறியப்பட்ட ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறோம்.

கெத்செமனேயிலிருந்து சிடெனம் வரை

1948இல் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் போலந்து நாட்டு யூத அகதி ஒருவர் புற்றுநோயால் இறந்தார். டேவிட் டஸ்மா என்பது அவர் பெயர். அவரை அடிக்கடி பார்க்கப் போனவர் சிசிலி சோண்டர்ஸ். அவர் தாதியாகப் பயின்று, முதுகு நோவு காரணமாக அந்த வேலையை விட்டு, வைத்தியசாலைச் சமூகப் பணியாளராக இருந்தவர். இறப்பவர்களுக்காக ஒரு வீடு கட்டவேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். அந்த வீட்டில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று சொல்லி டஸ்மா 500 பவுண் விட்டுச் சென்றார். சோண்டர்ஸ் வைத்தியராகப் படித்து முடித்து, 1967இல் தென்லண்டன் சிடெனமில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். அந்த ஜன்னல் இன்றும் அங்கே இருக்கிறது.

1965இல் தாதியர் சஞ்சிகை ஒன்றில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கெத்செமனே தோட்டத்தில் தம்மோடு விழித்திருக்கும்படி இயேசு சீஷரைக் கேட்டதே அதன் தலைப்பும் கருத்தும். நோவைப் போக்க முடிந்ததையெல்லாம் திறமையோடு செய்யவேண்டும். செய்வதற்கு இனி ஒன்றும் இல்லாத நேரத்திலும் விட்டு ஓடாமல் கூட இருக்கவேண்டும். உடல் நோவு, மன நோவு, குடும்பக் கவலை, ஆத்துமத்தின் கேள்வி எல்லாம் சேர்ந்ததே ஒரு மனிதரின் நோவு என்றும் அவர் கற்பித்தார்.

சோண்டர்ஸின் வீடு பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கான வழியைக் காட்டியவர்களில் தாதியர் இருவரை நாங்கள் பெருமையோடு நினைக்கிறோம். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐடா மார்ட்டின்சன் 1970களில் ஒரு திட்டம் தொடங்கினார். புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் உள்ள பிள்ளையை வீட்டிலேயே பெற்றோர் பராமரிப்பார்கள். எந்த நேரமும் கூப்பிடக்கூடிய தாதி ஒருவர் இருப்பார். வைத்தியர் ஆலோசனை சொல்வார். முடியாது என்றார்கள் பலர். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் தங்கள் வீட்டில், தங்கள் கட்டிலில் கண்மூடினார்கள்.

மற்றவர் சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா, சிறுவர் தாதியாகப் பயின்ற அங்கிலிக்கன் கன்னியர். 1978இல், மூளையில் வந்த கட்டியை அகற்றிய பிறகு பேசவோ நடக்கவோ முடியாமல் போன ஹெலன் என்ற சிறு பிள்ளையின் பெற்றோருக்கு அவர் நண்பரானார். இரவு பகலாகப் பராமரித்துக் களைத்துப்போன அவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று, பிள்ளையை இடைக்கிடை தம் மடத்துக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். அந்தச் சின்ன உதவியிலிருந்து பிறந்ததுதான் ஹெலன் ஹவுஸ். 1982 நவம்பரில் ஒக்ஸ்ஃபோர்டில், மடத்துத் தோட்டத்திலேயே, உலகின் முதலாவது சிறுவர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. அங்கே பெற்றோர் தங்கலாம், அண்ணன் தங்கைகளும் வந்து விளையாடலாம். பிள்ளை இறந்தபிறகு குடும்பத்தார் அவசரமில்லாமல் கூட இருந்து விடைகொடுக்கக் குளிரான ஒரு சிறிய அறையும் உண்டு. இன்று பிரித்தானியாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுவர் ஹொஸ்பிஸ்கள் இருக்கின்றன.

ஹொஸ்பிஸ் என்றதும் "கைவிட்டுவிட்டார்கள்" என்று நம் குடும்பங்கள் பயப்படுகின்றன. 1998இல் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கான இந்தப் பராமரிப்பை விளக்கியபோது, அது நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே தொடங்கவேண்டும், குணமாக்கும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடரவேண்டும் என்று சொன்னது. சத்தியைக் குறைப்பதும், வாய்ப்புண்ணுக்கு மருந்து போடுவதும், தங்கையின் பாடசாலையோடு பேசுவதும் அதில் அடங்கும். மோர்ஃபினும் அப்படித்தான். சரியான அளவில் கொடுத்தால், நோவில் முனகிய பிள்ளை எழுந்திருந்து விளையாடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அண்ணாவுக்கு ஒரு பதில்

2004இல் சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோரிடம், மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசினீர்களா என்று கேட்டார்கள். பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூட "ஏன் பேசினோம்" என்று வருந்தவில்லை. பேசாதவர்கள் 258 பேர். அவர்களில் 69 பேர், பேசாமல் விட்டதற்காக வருந்தினார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒருவரும் வார்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையிடம் உண்மையை உடைக்கவேண்டாம். பெற்றோரைத் தாண்டிப் போக நமக்கு உரிமை இல்லை. அம்மாவிடம், "மாமி, தம்பி இப்பிடிக் கேட்டவன்" என்று போய்ச் சொல்லலாம். அவர்கள் தாதியோடு பேச நாம் துணைபோகலாம். பேசாத 258 பேரில் பெரும்பாலானோர் வருந்தவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் வழி உண்டு. ஆனால் பிள்ளையே கதவைத் திறந்தால், நாம் அதை மூடாமல் இருக்கலாம்.

அன்று அண்ணா இப்படிக் கேட்டிருக்கலாம்: "ஏன் அப்பு, இந்த முறை உனக்கு ஏலாமல் போகும் எண்டு நினைக்கிறியா? ஆர் போட்டால் நல்லாயிருக்கும், நீ சொல்லு." அந்த உடுப்பைத் தன் கையால் ஒருவருக்குக் கொடுக்க அவன் விரும்பியிருப்பான். நாம்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அற்புதத்துக்காக ஜெபிப்பதும் உண்மையைக் கேட்க அமர்ந்திருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் நினைத்துவிட்டோம். கெத்செமனேயில் இயேசு, பாத்திரம் நீங்கும்படி ஜெபித்தார். அதே இரவில், ஒரு மணி நேரம் விழித்திருக்க நண்பர்களையும் தேடினார். முதலாவதை நம் சபை நன்றாகச் செய்கிறது. இரண்டாவதை வாலிபர்களாகிய நீங்கள் பழகவேண்டும். அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது, ஜெபித்து முடிந்ததும் உடனே எழும்பாதீர்கள். கதிரையை இழுத்துப் போட்டு இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். பிள்ளை ஏதாவது கேட்கக்கூடும்.