காடைக்குப் பருவம் சொல்லும் பல்பு

காடை நமக்குப் புதுசு இல்லை. சங்க இலக்கியத்தில் அதற்குக் குறும்பூழ் என்று பெயர். கலித்தொகையில் குறும்பூழ்ச் சண்டையே வருகிறது. 1789-ல் க்மெலின் பெயர் வைத்த ஒரு காட்டுக் காடையை இன்று கோட்டர்னிக்ஸ் கோரமண்டலிக்கா என்கிறார்கள். பழவேற்காடும் கும்மிடிப்பூண்டியும் இருக்கும் நம்ம சோழமண்டலக் கரைதான் அந்தப் பெயரில் இருக்கு. ஆனா இன்னிக்கு ஜி.என்.டி. ரோட்டு ஓட்டல்ல வறுவலா வர்றது அந்தக் காடை இல்லை, பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை.

அது இந்தியாவுக்கு வந்தது 1974-ல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து உத்தரப் பிரதேசத்து இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் 'நந்தனம் காடை' ரகங்களை உருவாக்கியது. நந்தனத்தில் இருந்த அந்த நிலையம் பிறகு, அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த மாதவரத்துக்கு மாறியது. 17, 18 நாளில் குஞ்சு பொரிக்கும், 5 வாரத்தில் விற்கலாம், 6, 7 வாரத்தில் முட்டையிடும். சின்ன விவசாயிக்கு வேறென்ன வேணும்?

இதில் என்னை இழுத்தது வெளிச்சத்தின் கதை. ஜப்பானில் குளிர்காலத்தில் பொழுது சாய்ந்த பிறகும் கூண்டுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, பறவைகளை முன்கூட்டியே பாட வைக்கும் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. காரணம் 1930-களில்தான் துலங்க ஆரம்பித்தது. பிரான்சில் ழாக் பெனுவா வாத்துகளை வைத்துச் சோதித்தார். கண் இல்லாத வாத்தும் வெளிச்சத்துக்குப் பருவமடைந்தது. வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி நேரே மூளைக்குப் போகிறது. அப்படி ஆழமாகப் போவதில் சிவப்புதான் கெட்டி. 1969-ல் உட்வர்ட் குழு ஜப்பானியக் காடைகளை வெவ்வேறு நிற ஒளியில் வளர்த்துப் பார்த்தது. சிவப்பில் சீக்கிரம் பருவமடைந்தன, பச்சையிலும் நீலத்திலும் தாமதம். அந்தச் சோதனை நடந்ததும் அதே டேவிஸில்தான்!

பறவை இங்கே வந்தபோது அந்த நிறக் கணக்கு கூட வரவில்லை என்றுதான் எனக்குத் தோணுது. நான் பார்த்த வளர்ப்புக் கையேடுகள் மணிக்கணக்கைத்தான் சொல்கின்றன: குஞ்சுக்கு 24 மணி நேரம், முட்டைக் காடைக்கு 16 மணி நேரம். நிறத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையும் இருக்கவில்லை. குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு தாராளம், கூடவே குஞ்சுக்குச் சூடும் கிடைத்தது.

2015-ல் உஜாலா திட்டம் வந்து எல்.இ.டி. மலிந்தது. கரண்ட் பில் குறைந்தது சரி, சூடும் போச்சு, நிறமும் மாறிப்போச்சு. 'கூல் ஒயிட்' எல்.இ.டி.யில் நீலம் தூக்கல். குண்டு பல்பு சும்மா கொடுத்ததை இப்போ நாமதான் பார்த்து வாங்கணும்.

இது பண்ணைக்காரர் காசு விஷயம். முட்டைக்கு வளர்ப்பவருக்குச் சீக்கிரம் பருவம் வருவது லாபம். கறிக்கு வளர்ப்பவருக்கு அது நஷ்டம்: சேவல் காடைகள் கூவிச் சண்டை போடும், தின்ற தீனி சதையாகாமல் அதிலேயே செலவாகும். கறிக் காடைக்கு நீலம், பச்சை கலந்த மங்கல் வெளிச்சமும், முட்டைக் காடைக்குச் சிவப்பு சேர்ந்த 'வார்ம்' வெளிச்சமும் பொருத்தம். இரண்டையும் ஒரே ஷெட்டில் ஒரே பல்புக்குக் கீழே வளர்த்தால், ஏதாவது ஒன்றில் காசு போகும்.